ஓரமாகப் போனதால் விழுந்தேன்

2023 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வயது 42. சாலையின் இடது ஓரத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன. எப்போதும் போல அவற்றை ஒட்டியே போனேன். ஒரு காரில் ஓட்டுநர் பக்கக் கதவு திடீரென்று திறந்தது. பிரேக்கைப் பிடிக்கக்கூட நேரமில்லை. கதவின் விளிம்பில் மோதி, வலது பக்கம் சாலையின் நடுவில் போய் விழுந்தேன். பின்னால் வந்த நகரப் பேருந்து நின்றுவிட்டது. நிற்காமல் போயிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கதவைத் திறந்தவர் இறங்கி வந்தார். முதலில் கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்து ஓரமா வரக் கூடாதாம்மா?" என்றார். நான், "மன்னிச்சிருங்க சார்" என்றேன்.

காறை எலும்பு முறிந்து தார்ச்சாலையில் கிடந்த நான் சொன்ன முதல் வார்த்தை அது. அந்த மனிதரை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அந்த 'மன்னிச்சிருங்க'வை என்னால் மறக்க முடியவில்லை. எந்தப் பள்ளியில், எத்தனை வருடம் படித்து நான் அதைக் கற்றுக்கொண்டேன்?

மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அன்பானவர்கள்தான். ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்தார்கள். மாமியார் கேட்டார்: "இந்த வயசுல ஒனக்கு சைக்கிள் எதுக்கும்மா?" பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "அன்னைக்கு சேலையா, சுடிதாரா?" அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர் கேட்டார்: "ஏதோ யோசனையில போயிருப்பீங்க, இல்லக்கா?" வயதைக் கேட்டார்கள், உடையைக் கேட்டார்கள், என் மனதில் அப்போது என்ன ஓடியது என்றுகூடக் கேட்டார்கள். கதவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் என் கொழுந்தனார் மோட்டார் சைக்கிளில் மணலில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்தார்கள். அவர் கட்டிலிலிருந்து எழுவதற்கு முன்பே வண்டி மெக்கானிக்கிடம் போய், சரியாகி, வாசலில் வந்து நின்றது. "இந்த வயசுல எதுக்கு வண்டி" என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. என் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போனது. முன்சக்கரம் வளைந்தே கிடந்தது. பழைய இரும்புக்காரரிடம் போடலாமா என்று நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பேசினார்கள்.

ஆண் விழுந்தால் அது விபத்து. பெண் விழுந்தால் அது தீர்ப்பு. ஓட்ட விடக் கூடாது என்று முன்பே நினைத்தவர்களுக்கு, விழுந்தவள் சாட்சியாகிவிடுகிறாள். நமக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியில் ஒரு நிபந்தனை எப்போதும் இருந்திருக்கிறது: நீ ஓட்டலாம், விழாத வரைக்கும்.

இதை எனக்கு விளக்கியவர் என் அம்மா. அவருக்குத் தெரியாமலே விளக்கினார்.

எங்கள் ஊர் அன்னவாசலுக்குப் பக்கத்தில். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம் அது. எழுத்தறிவு இயக்கம் நடத்த வந்தவர்கள், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதோடு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதையும் சேர்த்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பேருந்துக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருக்கும் பெண் கற்றுக்கொண்ட எழுத்தை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவாள்? 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தார்கள். அந்தக் காலத்தில் இந்த மாவட்டத்தில் சைக்கிள் கற்றுக்கொண்ட கிராமப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பலர் ஓட்டியது ஆண்கள் சைக்கிள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம்.

அந்த லட்சத்தில் என் அம்மாவும் ஒருத்தி. அவருக்கு 34 வயது, எனக்கு 11. ஒரே வாடகை சைக்கிளில் இருவரும் கற்றோம். நான் குரங்குப் பெடல் போட்டேன். அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினார். அம்மா விழுந்து நான் பார்த்ததே இல்லை. முப்பது வருடமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எலும்பு முறிந்து படுத்திருந்தபோது அம்மா வந்து ஒரு வாரம் தங்கினார். ஒரு ராத்திரி நான், "நீ ஒரு தடவகூட விழாம கத்துக்கிட்டியேம்மா. நான்தான் இப்படி" என்று அழுதேன். அம்மா சிரித்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கி இடது முழங்காலுக்குக் கீழே இருந்த ஒரு தழும்பைக் காட்டினார். "இது என்னன்னு நெனச்ச?"

நடவில் கல் குத்தியது என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"வாய்க்கா மேட்டுல விழுந்தேன்த்தா. பெடல் கம்பி கிழிச்சிருச்சு. ஒங்கப்பா பாத்தா மறுநாளே நிறுத்திருவாருன்னு, சேலைய இறக்கிக் கட்டிக்கிட்டு வந்து சோறாக்குனேன். எங்க செட்டுல விழாதவ யாரு? விழுந்தத வெளிய சொன்னவதான் நின்னா. சொல்லாதவள்லாம் ஓட்டுனா."

அந்த ஒரு லட்சம் பெண்களும் விழுந்திருப்பார்கள். விழாமல் சைக்கிள் கற்றவர் உலகத்தில் கிடையாது. ஆனால் ரத்தத்தை மறைத்த சேலைகளைப் பற்றி எந்தப் பதிவிலும் நான் படித்ததில்லை. நம்முடைய வெற்றிக் கதைகள் எல்லாமே கொடி கட்டிய சைக்கிள்களோடு முடிந்துவிடுகின்றன. அம்மா கற்றது இரண்டு வித்தைகள்: சைக்கிள் ஓட்டுவது ஒன்று, காயத்தை மறைப்பது இன்னொன்று. முதல் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவதை நான் தானாகவே கற்றிருக்கிறேன். 'மன்னிச்சிருங்க சார்' வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்தேன். மூன்றாம் மாதம் எலும்பு சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். படத்தைக் காட்டினார், கையைத் தூக்கச் சொன்னார், பயிற்சிகள் எழுதிக் கொடுத்தார். பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை.

பயம் இருந்தது. இதை மறைக்கப் போவதில்லை. நின்றுகொண்டிருக்கும் எந்தக் காரைப் பார்த்தாலும் வலது தோள் தானாக இறுகியது. நடந்து போகும்போதுகூட, கதவு திறக்கும் 'டக்' சத்தம் கேட்டால் உள்ளங்கை வியர்த்தது. இது என் உடம்பின் பயம். இதற்கு ஒரு நேர்மை உண்டு. நடந்த ஒன்றை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது, மறுபடி நடக்கக் கூடாது என்று பார்க்கிறது. இந்தப் பயத்தோடு பேசிவிடலாம்.

இன்னொரு பயமும் இருந்தது. மறுபடி விழுந்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம். பிள்ளைகளை யார் பார்ப்பது, அவருக்கு எவ்வளவு செலவு, 'அப்பவே சொன்னேனே' என்று எத்தனை பேர் சொல்வார்கள். இது என் எலும்பிலிருந்து வந்தது அல்ல. வெளியிலிருந்து என்னிடம் கொண்டுவந்து வைக்கப்பட்டது. நாம் செய்யும் தவறு இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'எனக்குத் தன்னம்பிக்கை இல்லை' என்று சொல்லிக்கொள்வதுதான். முதல் பயம் பழகப் பழகக் குறையும். இரண்டாவது, பழகினால் குறையாது. அதைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஐந்து மாதமும் என் கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். நல்ல மனிதர்தான். "நான் இருக்கேன்ல, ஒனக்கு எதுக்குக் கஷ்டம்?" என்றார். எனக்கு வேலை ஐந்தரைக்கு முடியும். அவர் வர ஆறே கால் ஆகும். தினமும் முக்கால் மணி நேரம் அலுவலக வாசலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழியில் நூலகத்தில் இறங்க முடியாது, தோழி வீட்டுக்குப் போக முடியாது. காய் வாங்கக்கூட, 'இங்க கொஞ்சம் நிறுத்துங்களேன்' என்று கேட்க வேண்டும். 1992-இல் என் அம்மா எதிலிருந்து இறங்கி சைக்கிளில் ஏறினாரோ, அதே இடத்துக்கு முப்பது வருடம் கழித்து நான் அன்பாகத் திருப்பி அனுப்பப்பட்டேன்.

பாதுகாப்பு என்கிறார்கள். நம் ஊர்த் தெருக்களில் பெண்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். ஒருக்களித்து உட்கார்ந்து, தலைக்கவசம் இல்லாமல், மடியில் ஒரு குழந்தை, கையில் ஒரு கட்டைப் பை. ஓட்டுபவர் தலையில் கவசம் இருக்கும். பின்னால் இருப்பவள் கையில் பிரேக்கும் இல்லை, ஹேண்டில்பாரும் இல்லை. எதிரே வருவதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. 'இந்த வயசுல பின்னால உக்காந்து போகாத' என்று எந்த மாமியாராவது சொன்னதுண்டா? ஒரு பெண்ணின் உயிர் மேல் இருக்கும் அக்கறை, அவள் தானாக ஓட்டும்போது மட்டும் ஏன் விழித்துக்கொள்கிறது?

1897 மே மாதம், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்த ஆண் மாணவர்கள் ஒரு பெண்ணின் உருவ பொம்மையைச் செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். அந்தப் பொம்மை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. தீர்மானம் தோற்றது. அங்கே பெண்கள் முழுப் பட்டம் பெற 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1890-களில், சைக்கிள் ஓட்டும் பெண்ணின் முகம் இறுகிக் கோணிவிடும் என்று சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். அதற்கு 'சைக்கிள் முகம்' என்று ஒரு நோய்ப் பெயரும் வைத்தார்கள். படிப்பை எதிர்த்தவர்கள் ஏன் பொம்மையை சைக்கிளில் ஏற்றினார்கள்? அவள் விழுந்துவிடுவாள் என்று அவர்கள் கவலைப்படவில்லை. விழாமல் எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடுவாள் என்பதுதான் கவலை.

2024 ஜனவரியில் சக்கரத்தைக் கோட்டம் எடுக்கக் கொடுத்தேன். பிரேக் கட்டைகளை மாற்றினேன். விடிகாலை ஐந்தரைக்கு ஒரு பள்ளி மைதானத்துக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். முதல் மூன்று நாள் ஏறவே இல்லை, சுற்றிலும் தள்ளிக்கொண்டு நடந்தேன். பிறகு இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கிவிட்டு, குழந்தைகள் செய்வது போலக் காலால் உந்தி உந்திப் போனேன். அடுத்த வாரம் பெடலில் கால் வைத்தேன். அம்மா ஊரிலிருந்து வந்து மைதானத்துத் திண்டில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு 66 வயது, முழங்கால் வலியால் இப்போது ஓட்டுவதில்லை. "கீழ பாக்காத, எங்க போகணுமோ அங்க பாரு" என்று அங்கிருந்தே கத்தினார். 1992-இல் கத்திய அதே வார்த்தைகள்.

அது வெறும் தைரிய வார்த்தை இல்லை. கண் எங்கே போகிறதோ அங்கேதான் சைக்கிளும் போகும். பயந்தவள் கதவையே பார்க்கிறாள், கதவை நோக்கியே போகிறாள். நிற்கும் காரைத் தாண்டி, சாலையில் காலியாக இருக்கும் இடத்தைப் பார்க்கப் பழகினேன். தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்கப் பழகினேன். முறிந்த பக்கத் தோள் என்பதால் அதற்கே இரண்டு வாரம் ஆனது. கையை நீட்டிக் காட்டிவிட்டு வலது பக்கம் நகரப் பழகினேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த 'ஓரமா' புரிந்தது. கார்கள் நிற்கும்போது சாலையின் ஓரம் என்பது கதவுகள் திறக்கும் இடம். அங்கே போவதுதான் ஆபத்து. நிற்கும் காரிலிருந்து ஒரு கதவின் அகலம், அதாவது மூன்று நான்கு அடி, தள்ளித்தான் போக வேண்டும். 2022 ஜனவரியில் பிரிட்டனில் சாலை விதி நூலைத் திருத்தியபோது இதைத்தான் எழுதினார்கள்: சைக்கிள் ஓட்டுபவர் கதவின் அகலத்துக்கு விலகிப் போக வேண்டும். காரில் இருப்பவர் கதவுக்கு அருகில் உள்ள கையால் திறக்காமல் எதிர்க்கையால் திறக்க வேண்டும். நம் ஊரில் ஓட்டுநர் இடது கையால் வலது பக்கக் கதவைத் திறந்து பார்க்கட்டும். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவள் கண்ணில் படுவாள். செலவே இல்லாத வேலை. இதை நம் ஓட்டுநர் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு பெண் பிள்ளைக்கு, நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, 'ஓரமாப் போ' என்று சொல்லாத வீடு உண்டா?

ஓரமாகப் போ, குனிந்து போ, வழி விட்டுப் போ. பேருந்தில் ஓரத்தில் உட்கார், கூட்டத்தில் ஓரத்தில் நில். இதையெல்லாம் பாதுகாப்பு என்று சொல்லி வளர்த்தார்கள். நானும் அப்படியே ஓட்டினேன், ஓரத்தில்தான் அடிபட்டேன். விழுந்த பிறகு வந்த ஆலோசனை என்ன? இன்னும் ஓரமாகப் போ. சாலையிலேயே இல்லாத அளவுக்கு ஓரமாக.

'சாலை உண்மையிலேயே ஆபத்தாகத்தானே இருக்கிறது? வீட்டில் பயப்படுவது தப்பா?' என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆபத்து உண்மைதான். அப்படியானால் சாலையைச் சரிசெய்யுங்கள். கடைவீதியில் இரண்டு பக்கமும் கார் நிறுத்துவதை முறைப்படுத்துங்கள். குழியை மூடுங்கள். மண்ணை அள்ளுங்கள். கதவைத் திறப்பவருக்குப் பின்னால் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். தெருவில் ஆபத்து இருக்கிறது என்று தெருவிலிருந்து பெண்ணை மட்டும் எடுத்துவிடுவதற்குப் பெயர் அக்கறை கிடையாது. கதவு அங்கேயே இருக்கிறது. அடுத்து யாருடைய மகளாவது வந்து மோதுவாள்.

'துணிச்சல் வேண்டும் தோழிகளே' என்று மேடையில் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் தைரியம் மனதில் ஊறி வந்த ஏதோ ஒன்றால் திரும்பவில்லை. புதுப் பிரேக் கட்டையால் திரும்பியது. ஆளில்லாத ஒரு மைதானத்தால் திரும்பியது. திண்டில் உட்கார்ந்திருந்த அம்மாவால் திரும்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலை ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை அடுப்படியில் நான் இல்லாததால் திரும்பியது. அந்த முக்கால் மணி நேரம் எளிதில் கிடைக்கவில்லை. முதல் நாள் காபி தாமதமானது. இரண்டாம் நாள் ஒரு முணுமுணுப்பு. நான்காம் நாள் என் கணவர் தானே பால் காய்ச்சினார், பொங்கவிட்டார். பத்தாம் நாள் பொங்கவில்லை. அவரும் விழுந்துதான் கற்றார். 'இந்த வயசுல உனக்கு எதுக்கு அடுப்படி' என்று நான் சொல்லவில்லை.

2001-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. பதினோராம் வகுப்புப் பெண்கள் சாரை சாரையாகப் போவதைப் பார்க்க எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும். ஆனால் அந்த சைக்கிள்கள் பிறகு எங்கே போகின்றன? எங்கள் தெருவில் கல்யாணமாகிப் போன எந்தப் பெண்ணும் சைக்கிளோடு போனதை நான் பார்த்ததில்லை. அது அம்மா வீட்டுத் திண்ணையில் நிற்கும், தம்பி எடுத்து ஓட்டுவான். பெண்ணுக்கு சைக்கிள் கொடுத்துவிட்டோம். 18 வயதுக்கு மேல் ஓட்டும் உரிமையையும், விழுந்தால் எழுந்து மறுபடி ஓட்டும் உரிமையையும் இன்னும் கொடுக்கவில்லை.

அந்த உரிமையைத்தான் நான் கேட்கிறேன். விழும் உரிமை. காயத்தைக் காட்டும் உரிமை. முழங்காலில் ரத்தம் வழிய வீட்டுக்குள் வந்து, 'விழுந்துட்டேன், கொஞ்சம் தண்ணி கொடுங்க' என்று சொல்லும் உரிமை. அதற்கு மறுமொழியாகத் தண்ணீர் மட்டும் வர வேண்டும்.

2024 மார்ச்சில் மறுபடி கீழ ராஜ வீதிக்குப் போனேன். கார்கள் அதே போல வரிசையாக நின்றன. தோள் இறுகியது. திரும்பிப் பார்த்தேன், கையை நீட்டினேன், நான்கு அடி வலது பக்கம் நகர்ந்தேன். பின்னால் ஒரு கார் விடாமல் ஒலியடித்தது. தாண்டிப் போகும்போது கண்ணாடியை இறக்கி, "ஓரமாப் போம்மா!" என்றார் ஒருவர்.

"போக மாட்டேன்" என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை.